ஆடிப் பதினெட்டுக்குள் நெட் வேணும்

சிவகாசியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்க்கிறவனுக்கு வருடம் பிறப்பது ஆடிப் பதினெட்டில். அன்றைக்குத்தான் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். பட்டாசுக் கடைகளில் பூஜை போட்டு சீசனைத் தொடங்குவார்கள். அதுவரை "பாத்துக்கலாம் தம்பி" என்று தள்ளிப்போட்ட முதலாளிகள் அத்தனை பேரும் அதற்கு முந்தின வாரத்தில் போன் செய்வார்கள். எல்லோருடைய கோரிக்கையும் ஒன்றுதான். லைன் ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டர் எட்டு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் நெட் வர வேண்டும், புதிதாக எதையும் வாங்கச் சொல்லக் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனைதான் என்னை லினக்ஸ் பக்கம் தள்ளியது. கட்டற்ற மென்பொருள், சுதந்திரம் என்பதையெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இது செலவைப் பார்க்கிற ஊர். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகங்கள் வந்தன. கைமாறி வந்த ஜெர்மன் ஆஃப்செட் மெஷினை உதிரி பாகம் கடைந்து போட்டுப் பல வருடம் ஓட்டுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஓரங்கட்டிய பழைய பென்டியம் ஒன்று பேப்பர் குடோன் மூலையில் இல்லாத அச்சகமே கிடையாது. அதில் இரண்டு லேன் கார்டு செருகி, லினக்ஸ் ஏற்றி, வாசலில் உட்காரவைத்தால் போதும். இங்கே கோரல்டிராவும் போட்டோஷாப்பும் பேஜ்மேக்கரும் விண்டோஸில்தான் ஓடும். டிசைனர் மேசைக்கு லினக்ஸைக் கொண்டுபோக நான் முயன்றதே இல்லை. எனக்கு அது வாசல் காக்கிற மெஷின், அவ்வளவுதான்.

தொழில் கற்றது ஒரு பிரவுசிங் சென்டரில். ஒரு டெலிபோன் லைன், ஒரு மோடம், வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இணைப்பைப் பகிரும் வசதி வந்துவிட்டது. டிக் செய்தால் வேலை செய்யும், பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் யாராவது கேம் விளையாடி அதைத் தொங்கவிட்டால் மொத்தக் கடைக்கும் நெட் போய்விடும். பிசி குவெஸ்ட் இதழோடு வந்த லினக்ஸ் சிடியை ஒரு ராத்திரி ஏற்றிப் பார்த்தோம். முதல் தடையே மோடம்தான். கம்ப்யூட்டருக்குள் செருகும் மலிவு மோடங்கள் பாதி வேலையை விண்டோஸ் டிரைவரிடம் விட்டுவிடும் ரகம், லினக்ஸ் அவற்றைச் சீந்தாது. சீரியல் போர்ட்டில் மாட்டும், விளக்குகள் மினுக்கும் வெளி மோடம் வேண்டும். பழையதாக ஒன்று மதுரையில் கிடைத்தது. டயல் செய்ய டபிள்யூவிடயல், இணைப்பைப் பிடித்துவைக்க பிபிபிடி. இவற்றோடு கர்னல் 2.2இல் இருந்த ஐபிசெயின்ஸில் ஒரே ஒரு வரி.

அந்த ஒரு வரி செய்கிற வேலையைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதம் ஆனது. கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு 192.168 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கிறோம். உள்ளுக்குள் மட்டும் புழங்குவதற்கென்று 1996இல் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிவைத்த முகவரிகளில் அவையும் சேர்த்தி. அந்த முகவரியோடு ஒரு பாக்கெட் வெளியே போனால் பதில் திரும்பி வராது. ஆகவே வாசல் மெஷின் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்புநர் முகவரியை அடித்துவிட்டுத் தன் முகவரியை எழுதுகிறது. கூடவே ஒரு போர்ட் எண்ணையும் போட்டு, அந்த எண் உள்ளே யாருக்குச் சொந்தம் என்று குறித்துக்கொள்கிறது. ஊர் லாரி ஆபீஸ் பல அச்சகங்களின் பண்டல்களைத் தன் பெயரில் லோடு ஏற்றி அனுப்பிவிட்டு, எது யாருடையது என்பதைத் தன் நோட்டில் மட்டும் வைத்திருப்பது போல. வெளியுலகுக்குத் தெரிவது லாரி ஆபீஸ் பெயர் ஒன்றுதான். நோட்டு தொலைந்தால் வந்த சரக்கு யாருக்கும் போய்ச் சேராது.

2001 ஜனவரியில் கர்னல் 2.4 வந்தபோது ஐபிசெயின்ஸ் போய் ஐபிடேபிள்ஸ் வந்தது, எழுதிவைத்திருந்ததையெல்லாம் மாற்றி எழுத வேண்டியிருந்தது. 2014இல் என்எஃப்டேபிள்ஸ் வந்தபோது மறுபடியும். கட்டளைகள் மாறினாலும் அடிப்படை மூன்றுதான். ஒரு கார்டில் வந்ததை மறு கார்டுக்கு அனுப்பக் கர்னலுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். ஐபி ஃபார்வர்ட் என்ற அந்தச் சுவிட்சு சாதாரணமாக 0, அதை 1 ஆக்க வேண்டும். அடுத்தது முகவரி மாற்றும் மாஸ்கரேட் விதி. மூன்றாவது, உள்ளே இருப்பவர்களுக்கு முகவரியும் பெயர்த் தேடலும் கொடுக்க ஓர் ஆள். அந்த வேலையைச் சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன நிரல் தனியாகவே செய்துவிடும். ஒரு இணைப்பைப் பத்துப் பேருக்குக் கொடுப்பது என்பது இவ்வளவுதான். என் சம்பாத்தியம் முழுக்க வந்தது இந்த மூன்றும் சரியாக இருந்தும் ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்ததில்.

பிரவுசிங் சென்டர் நாட்களில் பரீட்சை என்றால் பிளஸ் டூ ரிசல்ட் நாள்தான். தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அன்றைக்குக் காலையில் தெருமுனை வரை கூட்டம் நிற்கும். ஸ்குவிட் என்ற கேஷ் நிரலைப் போட்டால் ஒருமுறை இறங்கிய பக்கம் மறுமுறை உள்ளேயிருந்தே வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். ரிசல்ட்டுக்கு அது உதவாது, ஏனென்றால் ஒவ்வொரு பையனின் பதிவு எண்ணுக்கும் வேறு பக்கம். உதவியது வேறு. பக்கத்தின் தலையில் வரும் படங்கள் கேஷில் இருந்தன, தளத்தின் முகவரியை ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லா பிரவுசரிலும் படங்களையே நிறுத்தியபோது இன்னும் கொஞ்சம் வேகம் வந்தது. மதிப்பெண் வெறும் எழுத்துதானே. அந்த லைனில் எழுத்து மட்டும் நன்றாகவே ஓடியது.

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வைரஸ் பரவியது. விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை நேரடியாக நெட்டில் இணைத்தால் யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே உள்ளே நுழைந்து, ஒரு நிமிடக் கெடு வைத்து மெஷினை அணைத்துவிடும். லினக்ஸ் வாசலுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர்களை அது வெளியிலிருந்து எட்டவில்லை. உள்ளேயிருந்து யாரும் கேட்காத பாக்கெட்டுக்கு நோட்டில் பதிவு இருக்காது, பதிவு இல்லாததை வாசல் உள்ளே விடாது. அந்த வாரம்தான் அச்சகக்காரர்கள் முதன்முறையாக என்னைத் தேடி வந்தார்கள். நான் பகிர்வதற்காகப் போட்ட ஏற்பாட்டை அவர்கள் பாதுகாப்புக்காகக் கேட்டார்கள். நான் மறுக்கவில்லை.

2005இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்டு வந்தது. பின்னாளில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராத ஒரு திட்டம் இருந்தது. அதற்காகவே அச்சகங்களில் கம்ப்யூட்டர்கள் ராத்திரியில் விழித்திருந்தன. பெரிய படங்களையெல்லாம் இறக்க வேண்டிய வரிசையில் போட்டுவிட்டுப் போவார்கள், வாசல் மெஷின் இரண்டு மணிக்கு எழுந்து வேலையைத் தொடங்கும். க்ரான் என்ற நேரக் காவல்காரனை நான் கற்றுக்கொண்டது அந்தச் சலுகையால்தான்.

பிராட்பேண்டோடு இரண்டு புதுப் பிரச்சினைகளும் வந்தன. ஒன்று எளிது. மோடத்தின் முகவரி 192.168.1.1, அச்சகத்தின் உள்வட்டமும் 192.168.1. வாசல் மெஷினுக்கு இரு பக்கமும் ஒரே தெருப் பெயர், எந்தப் பக்கம் அனுப்புவதென்று தெரியாமல் நிற்கும். உள்வட்டத்தை வேறு எண்ணுக்கு மாற்றினால் தீர்ந்தது. இன்றைய நெட்வொர்க் மேனேஜர் பகிர்வதற்கு 10.42.0.1 என்ற அதிகம் புழங்காத வட்டத்தை எடுத்துக்கொள்வது இந்த மோதலைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறது.

இன்னொன்று என் தொழிலில் நான் சந்தித்தவற்றிலேயே குறும்பான கோளாறு. ஒரு அச்சகத்து அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, மெயில் வருது, கூகுள் வருது, பேங்க் மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது. பேங்க்காரன் நம்மளப் பிளாக் பண்ணிட்டானா?" போய்ப் பார்த்தால் வாசல் மெஷினில் அதே பேங்க் தளம் திறக்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் எந்த மெஷினிலும் திறக்கவில்லை. இந்த அறிகுறியை ஒருமுறை பார்த்தவன் மறக்க மாட்டான். சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிராட்பேண்டின் பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. வாசலுக்கு அது தெரியும், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் 1500 என்று நம்பிப் பேங்க்கிடம் பேசுகிறார்கள், பேங்க்கும் முழு அளவுப் பாக்கெட்டை அனுப்புகிறது. வழியில் அது அடைத்துக்கொள்கிறது. 'பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு' என்று ஒரு ஐசிஎம்பி செய்தி பேங்க்குக்குத் திரும்பிப் போகும். பாதுகாப்பு என்ற பெயரில் எல்லா ஐசிஎம்பியையும் வாசலிலேயே தடுத்துவைத்திருக்கும் தளங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. அவர்கள் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். சின்னப் பக்கம் திறக்கும், பெரிய பக்கம் சுற்றும்.

மருந்து ஐபிடேபிள்ஸில் ஒரு வரி. கடந்துபோகும் டிசிபி கைகுலுக்கலில் எழுதியிருக்கும் அளவை, பாதை தாங்கும் அளவுக்குக் குறைத்து எழுதிவிட வேண்டும். 1460 என்று இருப்பது 1452 ஆகும். போட்டவுடன் பேங்க் திறந்தது. அண்ணாச்சி அதற்குள் பேங்க் மேனேஜரிடம் சண்டை போட்டு முடித்திருந்தார்.

ஆனால் சிவகாசிக்கே உரிய சண்டை ஏற்றத்தில்தான் இருந்தது. பிராட்பேண்டு விளம்பரத்தில் சொல்லும் வேகம் இறக்கத்துக்கு. ஏற்றத்துக்கு ஏடிஎஸ்எல் லைனில் கிடைப்பது 512 கேபிபிஎஸ் என்றால் அதுவே நல்ல நாள். காலண்டர் ஏஜென்டுக்கு ஒப்புதலுக்காக 100 எம்பி பிடிஎஃப் அனுப்பினால் குறைந்தது 26 நிமிடம். அந்த 26 நிமிடமும் அச்சகத்தில் வேறு யாருக்கும் நெட் இருக்காது. இறக்கத்தில் லைன் காலியாகத்தான் கிடக்கும், ஆனாலும் ஒரு பக்கம் திறக்காது. ஏனென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் கேட்பதற்கும், வந்ததை வந்தது என்று சொல்வதற்கும் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் மேலே போக வேண்டும். அவை மோடத்துக்குள் அந்தப் பிடிஎஃப்புக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். மோடம் தயாரிப்பவர்கள் தாராளமாக நினைவகத்தை வைத்திருந்ததால் வரிசை நீண்டு, பிங் நேரம் நொடிக்கணக்கில் ஏறும். டிசைனர் தன் வேலையைத்தான் பார்க்கிறார், அக்கவுண்ட்ஸ் அம்மாவும் தன் வேலையைத்தான் பார்க்கிறார். இருவருக்கும் நடுவே கத்தல்.

2018இல் இது கத்தலோடு நிற்கவில்லை. அந்த ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது, தமிழ்நாட்டுக்குள் ஜூன் 2 முதல். பில்லில் பகுதி ஏ சரக்கு விவரம், முன்கூட்டியே போட்டுவைக்கலாம். பகுதி பி வண்டி எண், லாரி வந்து நின்ற பிறகுதான் தெரியும். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் லாரி வாசலில் நிற்கிறது, டிரைவர் ஆரன் அடிக்கிறார், தளம் திறக்கவில்லை. உள்ளறையில் யாரோ டிசைன் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

கடையில் வாங்கும் மலிவு ரூட்டரில் இதற்கு வழி கிடையாது. லினக்ஸ் வாசலில் இருந்தது. சூத்திரம் இதுதான்: வரிசை மோடத்துக்குள் உருவாக விடாதே, உன் மெஷினுக்குள் உருவாகட்டும். லைன் 512 என்றால் வாசலை 460க்கு மட்டும் அனுப்பச் சொல்ல வேண்டும். கொஞ்சம் வேகத்தை நாமே விட்டுக்கொடுக்கிறோம். பதிலுக்கு வரிசை நம் கைக்கு வருகிறது, யாரை முன்னால் விடுவது என்று நாம் முடிவு செய்யலாம். முதலில் எச்டிபி, எஸ்எஃப்க்யூ என்று பக்கம் பக்கமாக விதி எழுதிக்கொண்டிருந்தேன். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் முறையை வெளியிட்டார்கள். அதே ஆண்டு கர்னல் 3.5இல் எஃப்க்யூ-கோடெல் வந்தது. ஒவ்வொரு உரையாடலையும் தனி வரிசையாகப் பிரித்து, குறைவாகக் கேட்பவரை முன்னால் விட்டு, வரிசையில் அதிக நேரம் கிடந்த பாக்கெட்டைத் தூக்கிப் போட்டு, பெரிய ஏற்றக்காரனைத் தானாகவே மெதுவாக்கும். 2018 அக்டோபரில் கர்னல் 4.19 கேக் என்பதைக் கொண்டுவந்தது, அது இன்னும் எளிது. நான் எழுதியிருந்த விதிகளில் முக்கால்வாசியை அழித்துவிட்டேன். அழிக்கும்போது வருத்தமாக இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிடிஎஃப் போக இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக ஆனது. இ-வே பில் உடனே திறந்தது. டிசைனர் கவனிக்கவே இல்லை.

நடுவில் மின்வெட்டுக் காலம். 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்த மாதங்கள் உண்டு. பென்டியம் வாசல் மெஷின் யுபிஎஸ்ஸைக் குடித்துத் தீர்த்துவிடும். அப்போதுதான் அரசு கொடுத்த லேப்டாப்கள் வீடுகளுக்கு வந்திருந்தன. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்த்து அவற்றில் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் பாஸ் பக்கம் போனதே இல்லை. முதலாளிகளின் உறவுக்காரப் பிள்ளைகள், கணக்குப் பிள்ளையின் மகள் என்று யாராவது ஒருவரிடம் அந்த லேப்டாப் இருக்கும். கல்லூரி லீவு நாளில் அது ஆபீஸ் வாசலாகிவிடும். லேப்டாப்புக்கு உள்ளேயே பேட்டரி இருக்கிறது, தனி யுபிஎஸ் தேவையில்லை. யுஎஸ்பி டேட்டா கார்டைச் செருகி, லேன் கேபிளை ஸ்விட்சில் மாட்டி, நெட்வொர்க் மேனேஜரில் அந்தக் கம்பி இணைப்பை 'மற்ற கம்ப்யூட்டர்களோடு பகிர்' என்று மாற்றினால் முடிந்தது. ஐபி ஃபார்வர்ட், மாஸ்கரேட், டிஎன்எஸ்மாஸ்க் மூன்றையும் அதுவே செய்துகொள்ளும். ஒரு காலத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்ததை ஒரு பட்டியலில் ஒரு வரியாக்கி வைத்துவிட்டார்கள்.

டேட்டா கார்டிலும் ஒரு வேடிக்கை. செருகியவுடன் அது தன்னை ஒரு சிடி டிரைவ் என்று அறிமுகம் செய்துகொள்ளும், விண்டோஸ் மென்பொருளை உள்ளே வைத்திருப்பதால். யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் அதைத் தட்டி 'நீ மோடம்' என்று சொன்ன பிறகுதான் மோடமாக மாறும். அந்த நிரல் இல்லாத லேப்டாப்பில் கார்டு செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு.

கம்பியில் பகிர்ந்தால் சிக்கல் இல்லை. வைஃபையில் பகிரச் சொன்னால்தான் அன்று தலைவலி. அந்தக் காலத்து நெட்வொர்க் மேனேஜர் உருவாக்கியது அட்-ஹாக் வகை வலை, லேப்டாப்புக்குத் தெரியும், ஆண்ட்ராய்டு போனின் கண்ணில் படாது. உண்மையான அக்சஸ் பாயின்டாக நடக்க ஹோஸ்ட்ஏபிடி வேண்டும், அதற்கு ஒத்துழைக்கும் சிப்பும் வேண்டும். ஏதெரோஸ் சிப் உள்ள கார்டு கிடைத்தால் விட மாட்டேன். வேறு சில மலிவு சிப்கள் பத்து நிமிடம் வேலை செய்து பிறகு மௌனமாகிவிடும். ஒரே வைஃபை கார்டில் நெட்டை வாங்கிக்கொண்டு அதே கார்டில் பரப்பவும் முடியுமா என்று இன்றும் கேட்கிறார்கள். சில கார்டில் முடியும், இரண்டும் ஒரே சேனலில் இருந்தால். வேகம் பாதியாகும். இரண்டாவது கார்டு வாங்குவதே நல்லது, அது டீக்கடைக் கணக்கை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுத் தொழிற்சாலைகளில் கதை வேறு. அங்கே லைன் போகாது, டேட்டா கார்டு சிக்னல்தான் கதி. ஷெட்டுகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதுதான் விதி. ஆபீஸ் அறை முன்பக்கம் இருக்கும். கார்டை ஜன்னல் கம்பி வரை யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் கொண்டுபோய், நல்ல கோபுரம் இருக்கும் திசையைப் பார்க்கவைத்து, கம்பியில் இரண்டு மேசைகளுக்குப் பிரித்துக் கொடுப்பேன். வைஃபை வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். "ஃபோர்மேன் ரூம் வரைக்கும் ஒரு கேபிள் இழுத்துரலாமா?" என்று ஒரு முதலாளி கேட்டார். மருந்து புழங்கும் பக்கம் என் கேபிள் ஒரு முழம்கூடப் போகாது அண்ணாச்சி என்றேன். அவரும் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும், மறுபடி கேட்கவில்லை. ஃபோர்மேன் எண்ணிக்கையைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புகிறார், ஆபீஸில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அந்த நூறடியைக் கால்நடையாகவே விட்டுவைப்பதுதான் சரி.

ஐப்பசியில் இடி விழும்போது டெலிபோன் கம்பி வழியே வரும் அடி மோடத்தைத் தின்று, லேன் கார்டையும் தின்னும். மலிவான ரியல்டெக் 8139 கார்டுகளை நான் மொத்தமாக வாங்கிவைத்தது அதற்காகத்தான். மோடம் பக்கம் எப்போதும் அந்தக் கார்டு. போனால் அதோடு போகட்டும்.

இனி யாரும் காசு கொடுத்துக் கேட்காத, ஆனால் நான் விடாமல் செய்யும் வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே முகவரிக்குப் பின்னால் பலர் இருந்தால் எல்லோரும் செய்வது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் செய்ததாகவே வெளியில் தெரியும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டு வைஃபை இணைப்பு வழியே போயிருந்தது. அந்த வீட்டுக்காரர் விசாரணைக்கு ஆளானார். 2011இல் வந்த சைபர் கஃபே விதிகள் பிரவுசிங் சென்டர்கள் யார் எப்போது பயன்படுத்தினார் என்ற பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. அச்சகத்துக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன்களுக்கும் சேர்த்துப் பாஸ்வேர்டு கொடுத்துவிட்ட முதலாளியிடம் நான் கேட்பேன், "நாளைக்கு யாராவது வந்து கேட்டா என்ன சொல்வீங்க?" என்று.

வாசல் மெஷின் நோட்டு எழுதுகிறதே தவிர, உரையாடல் முடிந்தவுடன் கிழித்துப்போட்டுவிடும். அதைக் கிழிக்காமல் வைக்கச் சொல்ல வேண்டும். எந்த உள்முகவரி எப்போது எந்த மெஷினிடம் இருந்தது, எந்த நேரத்தில் எந்தப் போர்ட்டில் வெளியே போனது என்பது போதும், யார் எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்பது எனக்கு வேண்டாம். கடிகாரம் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவே வீண். பழைய மெஷின்களில் மதர்போர்டு பேட்டரி செத்து, கரண்ட் வந்தவுடன் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். ஆகவே என்டிபி வழியாக நேரம் வாங்கிய பிறகுதான் பதிவு தொடங்கும்படி வைப்பேன். மெஷினின் மேக் முகவரியை வைத்து ஆளைப் பிடிப்பது இப்போது செல்லாது. ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன. ஆகவே மாடிக்குத் தனி வைஃபை பெயர், தனி முகவரி வட்டம், அங்கிருந்து அச்சகத்து மெஷின்களைத் தொட முடியாதபடி ஒரு விதி. யார் என்று தெரியாவிட்டாலும் எந்த வீடு என்றாவது சொல்ல முடியும்.

என்னோடு வேலைக்கு வரும் பிள்ளைகள் நெட் பகிரவில்லை என்றால் உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றப் பார்ப்பார்கள். பொறு என்பேன். முதலில் வாசலிலிருந்து வெளியே போகிறதா. பிறகு உள்மெஷினிலிருந்து வாசலைத் தொட முடிகிறதா. அதன் பின் உள்மெஷினிலிருந்து வெளியே ஒரு எண் முகவரியை. எண்ணுக்குப் போய்ப் பெயருக்குப் போகவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில். எண்ணுக்கே போகவில்லை என்றால் டிசிபிடம்ப் வைத்து இரண்டு கார்டையும் பார்க்க வேண்டும். உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை என்றால் ஃபார்வர்ட் பாதையில் யாரோ கதவடைத்திருக்கிறார்கள். இந்தக் காலத்தில் அந்த யாரோ பெரும்பாலும் டாக்கர். 2017 முதல் அது தன் பாதுகாப்புக்காக ஃபார்வர்ட் கொள்கையையே மறுப்பாக மாற்றிவிடுகிறது. நேற்று வரை பகிர்ந்த லேப்டாப் இன்று பகிராது, வைத்திருப்பவர் எதையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வது அவரளவில் உண்மைதான், ஏதோ ஒரு மென்பொருளை ஏற்றியதை அவர் மாற்றமாக நினைக்கவில்லை.

இப்போது ஊருக்குள் ஃபைபர் வந்துவிட்டது. பெட்டியே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. எனக்கு வரும் அழைப்புகளில் பாதி தொழிற்சாலைக் கேமரா பற்றி. வாட்ச்மேன் அறைக் கேமராவை ஊரிலிருந்து போனில் பார்க்க வேண்டும் என்பார்கள். முன்பென்றால் வாசலில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோன பிறகு, செல்போன் கம்பெனிகளும் நான் பேப்பர் குடோனில் செய்ததையே பெரிய அளவில் செய்கின்றன. 2012இல் அதற்கென ஒதுக்கிய 100.64 என்று தொடங்கும் முகவரியைப் பல இணைப்புகளில் பார்க்கலாம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால். அவர்களுடைய நோட்டில் நான் எழுத முடியாது, வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை.

ஆகவே உள்ளேயிருந்து வெளியே போக வேண்டும். பொது முகவரி உள்ள ஒரு வாடகை சர்வர், தொழிற்சாலை வாசலிலிருந்து அதற்கு ஒரு வயர்கார்டு சுரங்கம். 2020 மார்ச்சில் கர்னல் 5.6இலேயே வயர்கார்டு சேர்ந்துவிட்டதால் தனியாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை. பேச்சில்லாமல் கிடந்தால் கம்பெனியின் நோட்டு நம்மை மறந்துவிடும். அதனால் 25 நொடிக்கு ஒருமுறை ஒரு வெற்றுப் பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருக்கச் சொல்லி ஒரு வரி. கேமராவின் முழுப் படத்தை விடாமல், சப் ஸ்ட்ரீம் என்ற சின்னப் படத்தை மட்டும் அனுப்பும்படி வைப்பேன். ஒரு முதலாளிக்குப் படம் மங்கலாக இருப்பது பிடிக்கவில்லை, முழுப் படத்துக்கு மாற்றச் சொன்னார், மாற்றினேன். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் அன்றைய டேட்டா தீர்ந்து, சாயங்கால லாரிக்குப் பில் போட நெட் இல்லாமல் போனது. மங்கலே போதும் என்று அவரே போன் செய்தார்.